நட்சத்திரக் குறியை உரக்கப் படித்தல்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு,

முப்பத்திரண்டு வயதில் ஒருவன் தன் பணிக்காலத்தை நினைவுகூரத் தொடங்கினால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருவது நியாயம். சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நான் வேறு ஊரில் ஒரு கல்லூரிக்கு ஆசிரியனாகப் போகிறேன். பெங்களூர் அல்சூரில், கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில், ஒலிவாங்கிக்கு முன்னால் எட்டு ஆண்டுகள் நான் அமர்ந்திருந்த நாற்காலியில் உங்களில் ஒருவர் அமரப் போகிறீர்கள். ஒலிப்பதிவை எப்படித் தொடங்குவது, எப்படி வெட்டி ஒட்டுவது என்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். அவற்றைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நிரம்பிய அரங்கின் முன்னால், நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றியும் இன்னொருவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் மேடையில் வளர்ந்தவன். நான்காம் வகுப்பில் பேச்சுப் போட்டி, கல்லூரியில் பட்டிமன்றம், பிறகு ஊர் ஊராகச் சொற்போர். ஒரு சொற்றொடரை எங்கே நிறுத்தினால் அரங்கம் மூச்சைப் பிடிக்கும், எங்கே விடுவித்தால் கை தட்டும் என்பதை என் உடம்பே அறியும். அந்தப் பயிற்சியைப் பற்றிய பெருமை எனக்கு இன்றும் உண்டு. அதைக் குறைத்துக்கொள்ளும் உத்தேசம் இல்லை. ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து, அது பிரெஞ்சு வழியாக வந்த தடத்தைப் பின்தொடர்ந்து லத்தீன் வரை போய், ஐந்து நிமிட ஒலிப்பாடமாகத் தமிழில் சொல்லும் இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததும் அந்தப் பயிற்சிக்காகத்தான். வேலையில் சேர்ந்த நாளில் என் மனத்தில் ஓர் எண்ணம் இருந்தது: சொற்களுக்கு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குக் குரல் இருக்கிறது, இடையில் வேறு யாரும் தேவையில்லை.

இடையில் ஒருவர் இருந்தார். எழுத்துப்படிகளைச் சரிபார்ப்பவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வந்து, மெட்ரோ பிடித்து, ஒன்பதரைக்கு மாடிப்படி ஏறுவார். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு தம் வீட்டிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் ஒரே ஆள் அவர்தான். லத்தீனையும் பிரெஞ்சையும் அகராதிகளை வைத்துக்கொண்டு தாமாகவே கற்றவர். பெரும்பகுதியை ரயிலிலேயே கற்றதாகச் சொல்வார். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் அடித்துவிடுவார்.

என் முதல் எழுத்துப்படி 'சேலரி' என்ற சொல். கல்லூரிக் காலத்தில் எனக்கு இரண்டு கோப்பைகள் பெற்றுத் தந்த பத்தி அது. ரோமாபுரியில் வீரர்களுக்கு உப்பையே ஊதியமாகக் கொடுத்தார்கள், உப்புக்கு லத்தீனில் 'சால்', அதிலிருந்து 'சலாரியும்', அது பிரெஞ்சு நிலத்தைக் கடந்து ஆங்கிலத்தில் 'சேலரி' ஆயிற்று. நம் முன்னோரும் சம்பா நெல்லையும் அளத்து உப்பையும் கூலியாக அளந்தார்கள். சம்பாவும் அளமும் சேர்ந்து சம்பளம். இரண்டு நாகரிகங்கள், ஒரே உப்பு. இந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்துவேன். கைதட்டல் தவறியதே இல்லை.

அவர் அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"இன்னா சார், ஒரு பக்கம் இருக்குது. சொல்லு வரலாறு ரெண்டு வரி. மிச்சமெல்லாம் கதை."

"எல்லாரும் சொல்றதுதானே மேடம்."

"எல்லாரும் சொல்றாங்க, சரி. பார்த்தவன் யாரு? வீரனுக்கு உப்பு குடுத்தாங்கன்னு அந்தக் காலத்து ஆளு ஒருத்தன் எழுதி வெச்சிருக்கானா?"

"தேடிப் பார்க்கணும்."

"நான் தேடிட்டேன். கிடைக்கல. பாவம், மாசக் கடைசில மூட்டைய தூக்கிகினு வீட்டுக்குப் போயிருப்பான். வழில மழை வந்தா இன்னா பண்ணுவான்?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"சம்பளத்துக்கும் பாருங்க. வழிப்பயணத்துக்குக் கட்டிக் குடுக்கற சாப்பாடுன்னு பொருள்ல வடமொழில ஒரு சொல்லு இருக்குது. அத பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "இது கேக்கறவங்களுக்குப் பிடிக்கும்."

"பிடிக்கும். அதான் எனக்கு பயமே."

அந்த எழுத்துப்படி கடைசியில் இப்படித்தான் ஒலித்தது: "சலாரியும் என்ற சொல் உப்புக்கான சொல்லோடு உறவுடையது. அந்த உறவு எப்படி உண்டானது என்று உறுதியாகத் தெரியவில்லை." உறுதியாகத் தெரியவில்லை என்ற தொடரை என் வாழ்நாளில் முதல் முறையாக ஒலிவாங்கியில் உச்சரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உச்சரித்தது பதிவில் கேட்கும். இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

இனி நட்சத்திரத்துக்கு வருகிறேன். ஒரு சொல்லின் பழைய வடிவம் கல்லிலும் தோலிலும் தாளிலும் எங்குமே கிடைக்காத நேரங்கள் உண்டு. அப்போது முன்னால் கிடைத்ததையும் பின்னால் கிடைத்ததையும் வைத்து, நடுவில் இருந்திருக்க வேண்டிய வடிவத்தை அறிஞர்கள் கணித்துக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டிய சொல்லின் முன்னால் சிறு நட்சத்திரம் ஒன்றை இடுவது இந்தத் துறையின் வழக்கம். இது கண்டது அன்று, கணித்தது என்பதற்கு அடையாளம் அது. காகிதத்தில் எறும்பு அளவு. ஆனால் நமக்குக் காகிதம் இல்லை, குரல்தான் இருக்கிறது. குரலில் நட்சத்திரம் தானாக உதிர்ந்துவிடும். எனவே அவர் ஒரு விதி வைத்திருந்தார். நட்சத்திரமிட்ட சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் பேசுபவர் ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்ல வேண்டும்: "இந்தச் சொல் எழுத்தில் கிடைக்கவில்லை; இருந்திருக்க வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள்."

மேடைக்காரனுக்கு அந்த வாக்கியம் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் குதிரையை நிறுத்தி லாடம் பார்ப்பது போன்றது அது. ஆனாலும் ஐந்து ஆண்டுகள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆறாம் ஆண்டில் நம் நிறுவன உரிமையாளர் எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். மூன்று தலைமுறையாகக் கண்டோன்மெண்டில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது, பேச்சில் கன்னடம் கலக்கும், நல்ல மனிதர். ஆனால் வாரத்துக்கு மூன்று பாடங்கள் என்று அறிவித்துவிட்டு, சரிபார்ப்பில் ஒன்று தங்கிப்போவதைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்திருந்தார்.

"கொத்தாய்த்தாம்மா, புரிஞ்சுதா, நான் உன் வேலைய குறை சொல்லல. மத்தவங்க தினம் ஒண்ணு போடறாங்க. நாம வாரத்துக்கு ரெண்டு போடறதுக்கே மூச்சு வாங்குது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை ஏரிக்கரை ஹால்ல நம்ம கூட்டம் இருக்குதில்ல. பதிப்பகத்துலேந்து ரெண்டு பேர் வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சா நம்ம பாடமெல்லாம் புத்தகமா வரும். நீ ஒரு சொல்ல எடுத்து, உன் ஸ்டைல்ல, முழுசா பேசு. அது நல்லா போச்சுன்னா, அடுத்த மாசத்துலேந்து நீயே எழுது, நீயே பார்த்துக்கோ. செக் பண்ண தனியா ஆள் பேடா, வேணாம்."

உரிமையாளர் அதைச் சரிபார்ப்பவரின் முகத்துக்கு நேராகவே சொன்னார். மறைக்கும் குணம் அவருக்கு இல்லை. ஆக நிலைமை இதுதான்: நான் ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பேசினால், தங்கவயலிலிருந்து வரும் அந்த ரயிலில் அடுத்த மாதம் ஓர் இருக்கை காலியாகும்.

படியிறங்கும்போது சரிபார்ப்பவரிடம், "நான் வேண்டுமானால் சாரிடம் பேசுகிறேன்" என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் அப்பறம். எந்த சொல்லு எடுக்கப் போறீங்க, பேச்சாளரே?"

"டேஞ்சர்."

அவர் நின்று, சற்று யோசித்து, தலையாட்டினார். "நல்ல சொல்லு. அதுல ஒரு நட்சத்திரம் இருக்குது. ஜாக்கிரதை."

அந்த வாரம் முழுவதும் அவர் என் எழுத்துப்படிக்காக உழைத்த உழைப்பை நான் மறக்க மாட்டேன். தம் வேலையைப் பறிக்கப்போகும் பேச்சு அது. எவ்வளவு சிறப்பாக அமைகிறதோ அவ்வளவு விரைவாகப் பறிக்கும். அதை அறிந்தே ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்த்தார். பழைய பிரெஞ்சில் 'டாஞ்சியே' என்ற சொல்லுக்கு எசமானின் அதிகாரம், தண்டிக்கும் உரிமை என்று பொருள் இருந்ததற்கு எடுத்துக்காட்டுகளைத் தேடித் தந்தார். இடைக்கால ஆங்கிலத்தில் ஒருவனுடைய டேஞ்சருக்குள் இருப்பது என்றால் அவன் பிடிக்குள் இருப்பது என்ற வழக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். தங்கவயலில் சுரங்க வாயில்களில் அந்த ஆங்கிலச் சொல் எழுதிய பலகைகள் சிவந்த எழுத்தோடு எப்படித் தொங்கின என்பதையும் சொன்னார். "பலகைய வெச்சவனும் வெள்ளக்கார தொரைதான். சொல்லோட அர்த்தம் தெரிஞ்சுதான் மாட்டினானோ என்னவோ" என்று சிரித்தார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் கையெழுத்திட்டு எழுத்துப்படியைத் தந்தார். லத்தீனில் 'டோமினுஸ்' என்றால் வீட்டுக்கு உடையவன், எசமான். அதிலிருந்து 'டோமினியாரியும்'. அதன் முன்னால் நட்சத்திரம். அடுத்து அவருடைய வாக்கியம். அதிலிருந்து பிரெஞ்சு 'டாஞ்சியே'. அதிலிருந்து ஆங்கிலம்.

சனிக்கிழமை வீட்டில் நின்றுகொண்டு பேசிப் பார்த்தேன். மூன்று முறையும் அந்த வாக்கியத்தில் இடறினேன். எசமானிலிருந்து ஆபத்து வரை ஒரே மூச்சில் ஏற வேண்டிய படிக்கட்டு. நடுப்படியில் நின்று, இந்தப் படி இருந்ததா என்று யாரும் பார்த்ததில்லை என்று அறிவிக்க வேண்டும். நான்காம் முறை அந்த வாக்கியம் இல்லாமல் பேசினேன். அருமையாக இருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்தேன்.

அவருடைய வேலை போக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அவரை ஏமாற்ற வேண்டும் என்றும் இல்லை. பேச்சு அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் பெரும் தவறுகள் கெட்ட எண்ணத்தில் பிறப்பதில்லை. நல்ல வாக்கியத்துக்கு ஆசைப்பட்டுப் பிறக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிரம்பியிருந்தது. நம் பாடங்களைக் கேட்பவர்கள் ஜோகுபாளையத்திலிருந்தும் மல்லேஸ்வரத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் உரிமையாளரும் பதிப்பகத்தார் இருவரும். சரிபார்ப்பவர் கடைசி வரிசையில், கதவோரம், மடியில் கோப்போடு. ஞாயிறன்றும் ரயிலேறி வந்திருந்தார்.

பேச்சு என் வாழ்நாளின் சிறந்த பேச்சுகளில் ஒன்று. அதை மறைத்து என்ன பயன். "நம் தெருமுனையில், மின்மாற்றியின் வேலியில், மண்டையோட்டின் கீழே ஒரு சொல் தொங்குகிறது" என்று தொடங்கினேன். "இன்று அது மின்சாரத்துக்கு அஞ்சச் சொல்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் தோலை உரித்துப் பாருங்கள். ஆங்கிலத்தின் அடியில் பிரெஞ்சு. பிரெஞ்சின் அடியில் லத்தீன். லத்தீனின் அடியில், நாற்காலியில், எசமான் உட்கார்ந்திருக்கிறான். மனிதன் முதலில் இடிக்கு ஆபத்து என்று பெயர் வைக்கவில்லை, வெள்ளத்துக்கு வைக்கவில்லை. தன்னைத் தண்டிக்க வல்ல இன்னொரு மனிதனின் அதிகாரத்துக்கு வைத்தான்." டோமினுஸ், டோமினியாரியும், டாஞ்சியே, டேஞ்சர் என்று நான்கு படிகளையும் நான்கு தாளத்தில் ஏறினேன். உச்சியில் நிறுத்தினேன். அரங்கு எழுந்து கை தட்டவில்லை என்றாலும் எழுவதற்கு மிக அருகில் இருந்தது. உரிமையாளர் பதிப்பகத்தாரின் காதில் எதையோ சொல்லிச் சிரித்தார்.

பிறகு கேள்வி நேரம். நான்காம் வரிசையில் ஓர் அம்மையார் எழுந்தார். மல்லேஸ்வரத்திலிருந்து வருவதாகவும், கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்ததாகவும் சொன்னார்.

"ரொம்ப நல்லா இருந்தது தம்பி. ஒரே ஒரு சந்தேகம். டோமினியாரியும்னு சொன்னீங்களே, அந்த லத்தீன் சொல்ல எந்தப் புத்தகத்துல பார்த்தீங்க?"

மேடையில் பதில் தெரியாத கேள்வி வந்தால் செய்ய வேண்டியவற்றை எனக்குப் பதினான்கு வயதிலேயே கற்பித்திருந்தார்கள். முதலில் கேள்வியைப் பாராட்டு. "மிக ஆழமான கேள்வி அம்மா" என்றேன். அடுத்து, பதிலைப் பெரிதாக்கிக் கேள்வியைக் கரைத்துவிடு. "சொற்பிறப்பு நூல்கள் பலவற்றிலும் இது காணப்படுகிறது" என்றேன்.

"அது பின்னால வந்தவங்க எழுதினது. நான் கேக்கறது லத்தீன் புத்தகம். பலது வேண்டாம். ஒண்ணு சொல்லுங்க, போதும்."

அவர் குரலில் சீண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். அதுதான் கடினம். சீண்டலுக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆர்வத்துக்கு இல்லை.

மூன்றாவது உத்தி ஒன்று இருக்கிறது: கேள்வி கேட்டவரையே கேள்வியாக்குவது. "பிரெஞ்சு படித்த தாங்கள் அதன் தாயைச் சந்தேகிக்கலாமா" என்று ஒரு வரி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அரங்கு சிரித்திருக்கும். அம்மையார் உட்கார்ந்திருப்பார். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. முதல் வரிசையிலிருந்து உரிமையாளர் கையை இலேசாக அசைத்தார். சமாளித்துக்கொண்டு போ என்று பொருள்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த கோப்பில் நான் அடித்த வாக்கியம் அடிபடாமல் இருந்தது. அவர் கையெழுத்தும் அதற்குக் கீழே இருந்தது. அவர் எழுந்து ஒரு சொல் சொன்னால் போதும், நான் பொய்யன், அவர் தேவை என்பது அங்கேயே நிரூபணமாகிவிடும். எந்தப் பட்டிமன்ற அணியும் அப்படிப்பட்ட வாய்ப்பை விடாது. அவர் கோப்பை மூடினார். மூடிய கோப்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

நாக்கின் நுனியில் இருந்த அந்த வரியை விழுங்கினேன்.

"எந்த நூலிலும் பார்க்கவில்லை அம்மா" என்றேன். "யாருமே பார்த்ததில்லை. அது அறிஞர்கள் கணித்துக் கட்டிய சொல். அதை நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எழுத்துப்படியைச் சரிபார்த்தவர் அந்த வாக்கியத்தை எழுதித் தந்திருந்தார். பேச்சின் ஓட்டத்துக்காக நேற்று நான் அதை அடித்துவிட்டேன்."

நடுவரிசையிலிருந்து ஒரு குரல், "அப்போ இவ்ளோ நேரம் கை தட்டினமே, அத திருப்பிக் குடுங்க" என்றது. அரங்கு சிரித்தது. நியாயமான சிரிப்பு, நின்று வாங்கிக்கொண்டேன். உரிமையாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. "யாரும் பார்க்காத சொல்ல எப்படி இருந்ததுன்னு சொல்றாங்க?"

"அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பின்வரிசையில் இருப்பவருக்கு உண்டு" என்று கை காட்டினேன். எல்லாத் தலைகளும் திரும்பின.

அவர் எழுந்தார். யாரோ ஒலிவாங்கியைக் கொண்டு ஓடினார்கள். "மைக் வேணாங்க. கேக்குதில்ல?" என்றார். கேட்டது.

"எங்க அப்பா கேஜிஎஃப் மைன்ஸ்ல சர்வேயில சங்கிலி பிடிச்சவரு. பூமிக்குள்ள போற பாதைய அளந்து மேப் போடுவாங்க. அளந்த பாதைக்கு முழு கோடு. சில இடத்துல இந்தப் பக்கம் ஒரு வாய் இருக்கும், அந்தப் பக்கம் ஒரு வாய் இருக்கும். நடுவுல இடிஞ்சு மூடிகினு இருக்கும். யாரும் போய் அளக்க முடியாது. ஆனா இந்தப் பக்கம் காத்து போவுது, அந்தப் பக்கம் வருது. அப்போ நடுவுல வழி இருக்கணும். அத மேப்ல புள்ளி புள்ளியா போடுவாங்க. முழு கோடு போட்டா தப்பு. போடாம விட்டாலும் தப்பு. ரெண்டுலயும் ஆளு செத்துடுவான்."

அவர் அம்மையாரைப் பார்த்துத் தொடர்ந்தார்.

"இங்கயும் அதான். இந்தப் பக்கம் டோமினுஸ், கையில இருக்குது. அந்தப் பக்கம் டாஞ்சியே, அதுவும் இருக்குது. காத்து எப்படி போவுதுன்னா, தானியக் களஞ்சியத்துக்கு லத்தீன்ல கிரனாரியும், பிரெஞ்சுல கிரெனியே. லத்தீன்ல ஆரியும்னு முடியறது பிரெஞ்சுல இயே ஆகறது இப்படி எத்தனையோ சொல்லுல தெரியும். அதே வழில டாஞ்சியேலேந்து பின்னாடி நடந்து வந்தா, டோமினியாரியும்ல வந்து நிக்கணும். டோஞ்சியேன்னு ஓ போட்ட பழைய வடிவமும் ஒண்ணு கிடைச்சிருக்குது; அதனால இன்னும் கொஞ்சம் தைரியம். ஓ எப்படி ஆ ஆச்சுன்னா, சேதம்னு பொருள்ல வேற ஒரு லத்தீன் சொல்லு பக்கத்துல இருந்து இழுத்துடுச்சுன்னு சொல்றாங்க. அதுவும் புள்ளிக் கோடுதான். அவ்ளோதாங்க தெரியும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

தெரியாது என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். நான் எத்தனையோ முடிவுரைகளைக் கேட்டிருக்கிறேன். சிலவற்றை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். கதவோரம் நின்று, ஒலிவாங்கி இல்லாமல், கையை ஒருமுறைகூட அசைக்காமல் ஒருவர் அரங்கை இப்படிக் கட்டியதை அதற்கு முன் கண்டதில்லை. என் பேச்சுக்குக் கை தட்டினார்கள். அவர் பேச்சுக்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் அம்மையார் நேராகப் பின்வரிசைக்குப் போனார். சரிபார்ப்பவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. நான் மேடையோரம் தனியாக எனக்குப் போர்த்திய சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன். பதிப்பகத்தார் இருவரும் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுப் போனார்கள், இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் வரவில்லை. அந்த இழப்புக்கு நான்தான் பொறுப்பு. உரிமையாளர் அதை ஒருபோதும் குத்திக்காட்டியதில்லை.

அவர் வாசற்படியில் நின்றிருந்தார். சரிபார்ப்பவர் வெளியே வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா. நான் அன்னிக்கு சொன்னது இருக்கில்ல."

"ஆமா சார்."

"அத விட்டுடு. நீ இரு. வாரத்துக்கு ரெண்டுன்னாலும் ரெண்டு, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. கோப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "இருக்கறேன் சார். ஆனா ஒண்ணு. நான் கையெழுத்து போட்டப்பறம் ஒரு எழுத்தையும் யாரும் தொடக் கூடாது. இவரும் தொடக் கூடாது. நீங்களும் தொடக் கூடாது."

வேலை போக இருந்த ஒருவர், அதைத் திருப்பிக் கொடுத்த நொடியிலேயே, கொடுத்தவருக்கு விதி வைத்தார். உரிமையாளர் தலையாட்டினார். "ஆய்த்தும்மா" என்றார்.

ரயிலுக்கு நேரமாகியிருந்தது. ஆட்டோவில் கண்டோன்மெண்ட் நிலையம் வரை நானும் போனேன். வழியெல்லாம் மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றும் அமையவில்லை. நடைமேடையில் வெறுமனே, "நான் அடிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

"ஆமா. அடிச்சிருக்கக் கூடாது."

"நான் முழிச்சப்போ நீங்க எழுந்து சொல்லியிருக்கலாமே. உங்களுக்குத்தானே நல்லது."

"சொல்லியிருக்கலாம். அப்பறம் உங்க குரல எவன் நம்புவான்? நான் சரிபார்க்கறது உங்க குரல்ல போறதுக்குத்தானே. அது போச்சுன்னா நான் இன்னாத்த சரிபார்க்கறது?"

ரயில் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் சமாளிச்சிட்டு போயிருந்தேன்னா?"

"நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "திங்கக்கிழமை வந்து ராஜினாமா குடுத்திருப்பேன். சார் இரு இருன்னு கால்ல விழுந்தாலும் இருந்திருக்க மாட்டேன்."

அவர் ஏறி, உள்ளே இடம் தேடிப் போய்விட்டார். அவர் வேலை உரிமையாளரின் கையில் இருப்பதாக அந்த வாரம் முழுவதும் நான் நினைத்திருந்தேன். அது என் கையில் இருந்தது. நான்காம் வரிசை அம்மையார் கேள்வி கேட்டு முடித்த கணத்திலிருந்து நான் பதில் சொன்ன கணம் வரை. அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. உங்கள் முறை வரும்போது உங்களுக்கும் தெரியப் போவதில்லை.

அவர் இப்போதும் ஒன்பதரைக்கு மாடிப்படி ஏறுகிறார். சன்னலோர மேசை. திங்கட்கிழமை உங்கள் முதல் எழுத்துப்படியை அவரிடம் கொடுப்பீர்கள். அவர் உங்கள் அழகான வாக்கியத்தின் நடுவில் ஓர் அழகற்ற வாக்கியத்தை எழுதித் தருவார். அதை முழுக் குரலில் படியுங்கள்.